தொடர்புகொள்ள வேண்டியவர்

செப்டம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகளின் வணக்கம். இங்கே நாங்கள் நலம். உங்கள் காது, முழங்கால், தூக்கம் மூன்றும் எப்படி இருக்கின்றன? இருமல் என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தீர்கள். நின்றதா?

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். பிப்ரவரி முதல் வாரம் பனிமலைக்குப் போவதாக இருக்கிறோம். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறதே என்று மார்ச் மாதமே இரண்டு பேருக்கு அறை பதிவு செய்து பணமும் கட்டியாகிவிட்டது. ஏழு நாள். காலில் நீளப் பலகையைக் கட்டிவிட்டுப் பனியில் சறுக்கக் கற்றுக்கொடுப்பார்களாம். முப்பத்தெட்டு வயதில் இது உனக்குத் தேவையா என்று லேபில் எல்லோரும் சிரிக்கிறார்கள். "ஊருக்கெல்லாம் பல் செட் பண்றவ, தனக்கே ஒண்ணு பண்ணிக்கிற மாதிரி வரப்போறா" என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர்.

பயண இன்சூரன்ஸ் எடுக்காமல் மலையில் ஏற விடமாட்டார்களாம். மூன்று கம்பெனிகளின் தாள்களை வாங்கிவந்து சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். ஒன்று மலிவு. ஒன்று நடுத்தரம். மூன்றாவது, விலையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். மூன்றிலும் எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கிறது. இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் இருந்தவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டு வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

மருந்துக்கடை அண்ணாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் மகனும் உங்களை மிகவும் விசாரித்தார்.

இப்படிக்கு,
மருமகள்

*

செப்டம்பர் 19

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா சொல்ல, மருந்துக்கடைக்காரர் எழுதுகிறார். நான் நலம். இருமல் போய்விட்டது. முழங்கால் படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. அறை கடைக்கு மேலே இருப்பதால் ஒரு நாளைக்கு நான்கு தடவை அதோடு சமாதானம் பேச வேண்டியிருக்கிறது. காதைப் பற்றிக் கேட்காதே. டெலிபோனில் இனி ஒன்றுமே விளங்காது. உன் கடிதத்தை இவர் என் இடது காதில் வாயை வைத்துக் கத்தித்தான் வாசித்தார். எதிர்க்கடையில் சைக்கிள் பழுது பார்க்கிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மருமக பனிமலைக்கா போகுது? கம்பளி எடுத்துக்கச் சொல்லுங்க பெரியவரே" என்றார். அவருடைய யோசனையையும் இதில் சேர்த்துக்கொள்.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் கிளெய்ம் செக்‌ஷன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன தெரியும் என்பது அங்கே இருந்த ஒன்பது மானேஜர்களுக்கும் தெரியாது. ஃபைலை உள்ளே கொண்டுபோனவன் நான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவன் நான். பணம் கிடையாது என்ற காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவனும் நான்தான்.

மலிவானதைத் தொடாதே. ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்தார். செவ்வாய்க்கிழமை. நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. அவருடைய பையன் பனிமலைக்குப் போய் மூன்றாம் நாள் காலை முறித்துக்கொண்டான். பாலிசியில் ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது, பெட்டி தொலைந்தால் இருக்கிறது, விமானம் தாமதமானால்கூட இருக்கிறது. பனிச்சறுக்கு என்ற வார்த்தை இல்லை.

"விளையாட்டுன்னு போட்டிருக்கே சார்" என்றார் அவர்.

"பனிச்சறுக்குன்னு போடலையேய்யா" என்றார் மானேஜர்.

அவ்வளவுதான். பையனை மலையிலிருந்து இறக்கியது ஹெலிகாப்டர். அந்த பில்லைப் பார்த்த மானேஜரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆகவே பனிச்சறுக்கு என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா, மேலிருந்து கீழே இறக்கும் செலவு தனியாகச் சொல்லியிருக்கிறதா என்று முதலில் பார். சறுக்கும் இடத்துக்கு எல்லை காட்டிக் கொடி நட்டிருப்பார்கள். கொடிக்கு அந்தப் பக்கம் விழுந்தால் ஒருத்தனும் காசு தரமாட்டான். மதியம் ஒரு மடக்கு குடித்துவிட்டு விழுந்தாலும் தரமாட்டான். இதை அவனுக்கு இரண்டு தடவை சொல்.

இன்னொன்று. அவனுக்கு எட்டு வயதில் சுவரேறிக் குதித்து வலது முழங்கை உடைந்தது. பழைய காயம்தானே என்று மறைக்கக் கூடாது. கேட்டிருந்தால் எழுதச் சொல். படிவத்தில் பொய் எழுதினால், அந்தப் பொய் நாம் விழும் வரைக்கும் காத்திருக்கும்.

அவன் விசாரித்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம்.

இப்படிக்கு,
மாமா

(மருந்துக்கடை அண்ணா எழுதுவது: உங்கள் மாமா பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் சாப்பிடுகிறார். கேட்டால் பாதிப் பிரஷர்தான் இருக்கிறது என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்.)

*

அக்டோபர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம், நலமே அறிய ஆவல். மாத்திரையை முழுசாகச் சாப்பிடுகிறீர்களா? ஏனோ கேட்கத் தோன்றியது.

நீங்கள் சொன்னபடி வரி வரியாகப் பார்த்தேன். மலிவான தாளில் பனிச்சறுக்கு என்ற வார்த்தையே இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன். நடுத்தரத்தில் பெயர் சொல்லி இருக்கிறது. மலையிலிருந்து இறக்குவதும் இருக்கிறது. கொடியைப் பற்றியும் நீங்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறார்கள். நீங்களே சொல்லி எழுத வைத்தது போல இருந்தது. மூன்றாவதில் இதெல்லாம் போக, பயணத்தையே ரத்து செய்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு பக்கம் இருக்கிறது.

அதில்தான் ஒரு சந்தேகம். இரண்டு பேராகப் பதிவு செய்துவிட்டு, ஒருவரால் மட்டும் வர முடியாமல் போனால் அந்த ஒருவருக்கான பணம் கிடைக்குமா? எந்தெந்தக் காரணத்துக்குக் கிடைக்கும்? சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

லேபில் வேலை அதிகம். தினமும் பதினான்கு பல் அச்சு வார்க்கிறேன். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாலும் நகக்கண்ணில் சுண்ணாம்புத் தூள் போவதில்லை. உங்கள் மகனும் உங்களை மிகவும் விசாரித்தார்.

இப்படிக்கு,
மருமகள்

*

அக்டோபர் 15

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். மாத்திரை முழுசாகத்தான் போகிறது. உனக்கு யார் கோள் சொன்னது என்று தெரியும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் காது சிவக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உடம்பு முடியவில்லை என்றால் டாக்டர் சீட்டுக் காட்டினால் கிடைக்கும். வீட்டில் ஒரு சாவு என்றால் கிடைக்கும். வேலை போய்விட்டால் சில கம்பெனி தரும். கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், வீட்டுக்குள் வெள்ளம் வந்தது, இதற்கெல்லாம்கூட உண்டு. மனசு மாறிவிட்டது என்றால் கிடையாது. எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

ஒரு அம்மா வந்தார்கள். மழை நாள். உன் வயதுதான் இருக்கும். இரண்டு பேருக்குக் கப்பல் பயணம் போட்டிருந்தார்கள். காரணம் என்ற இடத்தில், அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார் என்று அப்படியே எழுதியிருந்தார்கள்.

"ஏன் வரலைன்னு சொன்னாரும்மா?"

"தெரியலை சார்."

"உடம்பு எதுவும்..."

"இல்ல சார். நல்லாத்தான் இருந்தார்."

அந்த மானேஜர் கொஞ்சம் இரக்கப்பட்டவர். கொடுக்கலாமா என்று படிவத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அந்த மாதிரிக் காரணத்துக்கு அதில் கட்டமே இல்லை. அந்த அம்மா குடையை மறந்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். நான்தான் படியில் ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர்கள் அதை விரிக்காமலே மழையில் நடந்தார்கள்.

நீ சும்மா கேட்கிறவள் இல்லை. அவனுக்கு உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது. அவனுக்கு சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி உண்டு. பனி ஒத்துக்கொள்ளாவிட்டால் போகவே வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா

*

நவம்பர் 10

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். அவன் உடம்பு எப்படி? போன கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. உன் பதில் இருபது நாளில் வரும், அதிகம் போனால் இருபத்திரண்டு. இது இருபத்தாறாவது நாள்.

தபால்காரர் பதினொன்றரைக்கு வருகிறார். பதினொன்று பத்துக்கு நான் கீழே இறங்கிக் கடையின் எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். அவர் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார். நல்ல மனிதர், பக்கத்தில் வரும்வரை காக்க வைப்பதில்லை. நின்றதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று எடை பார்க்கிறேன். இந்த மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. அதனால் ஞாயிறு பரவாயில்லை.

எழுத்து தெரிந்தவர்கள் பழைய கடிதத்தை எடுத்துப் படித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வேலை இல்லை. நீ இதுவரை எழுதிய எல்லாம் மனப்பாடம். ராத்திரி படுத்துக்கொண்டு வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். அதிலும் ஒரு சங்கடம். எல்லாம் மருந்துக்கடைக்காரர் குரலில்தான் கேட்கிறது.

அந்தக் கப்பல் அம்மா கதையை நான் சொல்லியிருக்கக் கூடாதோ? வேறு எதுவும் தப்பாகச் சொன்னதாக நினைவில்லை.

ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
மாமா

*

நவம்பர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். லேபில் இரண்டு பேர் லீவு. அவர்கள் வேலையும் என் தலையில். பயப்படும்படி ஒன்றுமில்லை. எல்லோரும் நலம். உங்கள் எடைதான் கவலையாக இருக்கிறது. இனிமேல் அந்த மெஷினில் ஏறாதீர்கள். கடிதம் வராவிட்டாலும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

நடுத்தரப் பாலிசியையே எடுத்துவிட்டேன். நகல் இதோடு வைத்திருக்கிறேன், பதினொரு பக்கம். ஓட்டை எதுவும் இருந்தால் சொல்லுங்கள். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்ற பக்கம் மட்டும் பாக்கி, பிறகு அனுப்பலாமாம்.

நீங்கள் பயந்தது போல அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம், அவ்வளவுதான். உங்கள் மகனும் உங்களை மிகவும் விசாரித்தார்.

இப்படிக்கு,
மருமகள்

*

டிசம்பர் 8

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். கடிதமும் பாலிசியும் வந்தன. பதினொரு பக்கத்தையும் மருந்துக்கடைக்காரர் வாசித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. நடுவே இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் மூன்றாம் பக்கத்தை நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, "இது நல்ல பாலிசியா இருக்கே, நமக்கும் கெடைக்குமா?" என்றார். "பனி விழட்டும், பாக்கலாம்" என்றேன்.

பாலிசியில் ஓட்டை இல்லை. நன்றாகப் பார்த்து எடுத்திருக்கிறாய். ஆறாம் பக்கத்தில், எது நடந்தாலும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அந்த டெலிபோன் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைக்குள் வைத்துக்கொள். கைப்பையில் வைக்காதே, விழும்போது கைப்பை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள். சாயங்காலம் கடைசியாக மேலே போகிற இழுவை நாற்காலியில் ஏறாதே. கூட ஆள் இல்லாமல் மேலே போனால், திரும்பி வராததை யாரும் கவனிக்கமாட்டார்கள். தங்கும் இடத்தில் சாவி கொடுக்கிறவரிடம் தினமும் இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போ.

சாப்பாட்டைக் குறைக்காதே. குளிர் நாட்களில் தனியாகச் சாப்பிட அலுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிட்டு முடிக்கிற பழக்கம் வந்துவிட்டால் போகாது. எனக்குப் போகவில்லை.

இப்படிக்கு,
மாமா

*

டிசம்பர் 20

மருந்துக்கடை அண்ணாவுக்கு வணக்கம். அடுத்த பக்கத்திலிருந்து இருப்பதை, கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மாமாவுக்கு வாசிக்க வேண்டும். உங்களைத் தங்கை கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

போன கடிதத்தில் உங்கள் மகனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. கூட ஆள் இல்லாமல் மேலே போகாதே என்றும் சொல்லியிருந்தீர்கள். அதை லேபில் அச்சைத் தேய்க்கும் மெஷின் சத்தத்தில் படித்தேன், மேசையில் காய்ந்துகொண்டிருந்த அச்சைக் கை பட்டு உடைத்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் ஜூன் மாதம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பெட்டியோடு. சண்டை எதுவும் இல்லை மாமா. என் பேரில் குறை ஒன்றுமில்லை, இந்த வாழ்க்கை போதும் என்று தோன்றுகிறது, வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டேன் என்றார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, குளிர்பெட்டியில் பால் இருக்கிறது, இரண்டு நாளில் தீர்த்துவிடு என்றார். கடைசியாகப் பேசியது அதுதான்.

ஜூனிலிருந்து அவர் உங்களை விசாரித்ததாக எழுதியதெல்லாம் நான். உங்கள் காதில் கத்தி வாசிக்கிற கடிதத்தில் இதை எப்படி எழுதுவேன்? அது பாதிக் காரணம். மீதிக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதிவிட்டால், அதற்குப் பிறகு உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்குக் கடிதம் போடுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

பனிமலைக்குத் தனியாகத்தான் போகிறேன். பணம் திரும்ப வராது. போகாவிட்டால் அந்த ஏழு நாளும் இந்த இரண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் அந்தப் பாக்கிப் பக்கத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர், உடன் வராதவராக இருக்க வேண்டும். உங்கள் பெயரையும் மருந்துக்கடை எண்ணையும் எழுதிவிட்டேன், அந்தப் பக்கத்தின் நகல் இதோடு இருக்கிறது. உறவு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஜனவரி இருபத்தைந்துக்குள் அனுப்ப வேண்டும். அப்பா என்று எழுதிவிடவா? அதுவும் வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்

*

ஜனவரி 2

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா நலம்.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்ததும் மருந்துக்கடைக்காரர் எழுந்துபோய் ஷட்டரை இறக்கிவிட்டார். பகல் பன்னிரண்டு மணி. இருபத்திரண்டு வருடத்தில் அந்த நேரத்தில் அந்தக் கடையை மூடி நான் பார்த்ததில்லை. உள்ளே விளக்கைப் போட்டு என்னை மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே உட்கார வைத்து வாசித்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். எனக்குக் கேட்கவில்லை. "சத்தமா" என்றேன். கொஞ்சம் கூட்டினார். "இன்னும்" என்றேன். கடைசியில் வழக்கம்போலக் கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. முடித்து ஷட்டரைத் தூக்கினால் வெளியே ஆறேழு பேர் மருந்துச் சீட்டோடு நிற்கிறார்கள். சைக்கிள்காரரும் நின்றார். யாரும் எங்களை நேராகப் பார்க்கவில்லை. ஏன் மூடினீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வரிசையாக வந்து மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து உன்னைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரியும், அம்மா. நீ வருத்தப்படாதே.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். எண் தெரியாதவன் ஃபைல் எடுக்க முடியாது. பயணிகள் எத்தனை பேர் என்ற கட்டம் பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருந்தது. இவர் வாசிப்பதற்கு முன்னாலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன். 1 என்று போட்டிருந்தது. இவர் அந்த இடம் வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு முன்னாலும் ஒரு சந்தேகம் இருந்தது. அவன் உன்னோடு இருந்த வருடங்களில் நீ 'அவர் நலம்' என்றுதான் எழுதுவாய். ஜூலைக் கடிதத்தில்தான் முதல் தடவையாக 'உங்களை மிகவும் விசாரித்தார்' என்று வந்தது. அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அன்றைக்குப் படி ஏறியதே தெரியவில்லை. ஆகஸ்டிலும் அதே வார்த்தை வந்தது. செப்டம்பரிலும் வந்தது. அவன் மிகவும் செய்கிறவன் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் மாதாமாதம் காத்துக்கொண்டுதான் இருந்தேன். பொய்யாக இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது. நீதான் விசாரித்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு சரியாகிவிடும்.

இப்போது படிவம். அப்பா என்று எழுதாதே. உன் அப்பா இறந்துபோனவர், நீயே அப்படித்தான் பாலிசியில் எழுதியிருக்கிறாய். ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாக எழுதினால் அதையே பிடித்துக்கொள்வார்கள். முப்பத்தாறு வருடம் பார்த்தவன் சொல்கிறேன், படிவத்தில் பொய் வேண்டாம். பாசத்துக்காகக்கூட வேண்டாம்.

மாமனார் என்று எழுது.

அவன் போன பிறகு அதுவும் பொய்தானே என்று நினைப்பாய். அவன் எனக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரு வரி போட்டதில்லை. அதற்காக அவன் என் மகன் இல்லை என்று ஆகிவிடவில்லை. அந்த உறவையே அழிக்க முடியாதவன், உன் உறவை எப்படி எடுத்துக்கொண்டு போவான்? இரண்டு பெட்டியில் அது இருந்திருக்காது.

இப்படிக்கு,
மாமனார்

(மருந்துக்கடை அண்ணா: டெலிபோன் எண்ணில் கடைசிக்கு முந்தின எண் 7. நீங்கள் 1 என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திவிடுங்கள். அந்த வாரம் முழுக்கக் கடையைத் திறந்தே வைத்திருப்பேன்.)

*

பிப்ரவரி 8

அன்புள்ள மாமாவுக்கு,

இதை எழுதுவது நான் இல்லை. எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் அம்மா எழுதுகிறார். பேருந்து ஓட்டுகிறவர். குளியலறையில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். பனிச்சறுக்குக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதச் சொல்கிறார்.

போனில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. வேறு ஒன்றுமில்லை. பயப்படாதீர்கள். சறுக்கும்போது விழவில்லை மாமா. இரண்டு நாள் ஒழுங்காகச் சறுக்கினேன், என்னைவிடச் சின்னவர்களெல்லாம் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் இழுவை நாற்காலிக்கு வரிசையில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் வந்து இடித்தார். கொடிக்கு இந்தப் பக்கம்தான். குடிக்கவில்லை. சட்டைக்குள் சீட்டு இருந்தது. எல்லாம் நீங்கள் சொன்னபடி.

நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டு வாரம் லேபுக்குப் போகக் கூடாது.

வேறு சிலவும் சொல்ல வேண்டும். இந்த அம்மா ரொம்ப நல்லவர். ஆனாலும் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். வாய் வரைக்கும் வந்தது உள்ளே போய்விடுகிறது. இத்தனை வருடமும் நீங்கள் இப்படித்தான் ஒவ்வொரு கடிதமும் சொன்னீர்களா?

(இது பேருந்து ஓட்டுகிறவள்: நான் வேண்டுமானால் திரும்பிக்கொள்கிறேன் என்றேன். திரும்பிக்கொண்டு எப்படி எழுதுவீர்கள் என்கிறாள். சரிதான். இவளுக்கு இங்கே பார்வையாளர் யாரும் வரவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.)

கிளெய்ம் படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது பக்கம். இடது கையால் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்களா? எங்கே அனுப்புவது, எதை வைப்பது, ஒன்றும் புரியவில்லை.

இப்படிக்கு,
மருமகள்

*

பிப்ரவரி 20

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா நலம். எழுதிக் கொடுத்த அம்மாவுக்கு என் நன்றி. அவர் கால் சீக்கிரம் சேர வேண்டும்.

போன் வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன். அந்த வாரம் முழுக்க எடை மெஷின் பக்கத்தில்தான் நின்றேன், எடை பார்க்கவில்லை. இவர் எடுத்தார். முகம் மாறியது. எதிர்முனையில் இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண் ஒருத்தி. இவர் அவள் கேட்டதை என் காதில் கத்த, நான் பதிலை டெலிபோனைப் பார்த்துக் கத்த, தெருவே நின்றுவிட்டது.

"பாலிசி நம்பர் கேக்கறாங்க! தாள் மேல ரூம்ல இருக்கா?"

தாளுக்கு என்ன வேலை? பதினான்கு எண்ணையும் அப்படியே சொன்னேன். அவள் சரிபார்த்துவிட்டு என்னவோ கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார்.

"என்னய்யா கேக்கறா?"

"பேஷன்டுக்கு நீங்க என்ன உறவுன்னு உங்க வாயாலயே சொல்லணுமாம்!"

சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. எதிர்க்கடையில் சுத்தியல் சத்தம் நின்றது என்று இவர் பிறகு சொன்னார்.

இடது கைக் கையெழுத்து செல்லும். பக்கத்தில் டாக்டர் ஒரு வரி எழுதிச் சான்று போட வேண்டும். ஆஸ்பத்திரி பில், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, மலையிலிருந்து இறக்கியவர்கள் கொடுத்த ரசீது, போக வர டிக்கெட், இவற்றின் அசலை வை. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து நீ வைத்துக்கொள். இடித்தவருடைய பெயரை எழுதி வைத்திருந்தால் அதையும் சேர். மூன்றாம் பக்கத்தில் விபத்து எப்படி நடந்தது என்று கேட்பார்கள். அங்கே நிறையப் பேர் கதை எழுதித்தான் கெடுத்துக்கொள்வார்கள். வரிசையில் நின்றேன், இடித்தார், விழுந்தேன். மூன்றே வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம்.

எட்டு வாரம் வேலை இல்லை என்கிறாய். ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆகும். என் அறையில் கட்டில் ஒன்றுதான். மருந்துக்கடைக்காரர் வீட்டில் மடக்குக் கட்டில் இருக்கிறதாம், நான் கேட்பதற்கு முன்னாலேயே நேற்று ஆள் வைத்து மேலே ஏற்றிவிட்டார். இப்போது கதவு பாதிதான் திறக்கிறது. ஆனால் ஒரு ஆள் நுழையலாம்.

ஒன்பது பக்கத்தையும் நிரப்பித் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினாலே போதும். அதற்காக யாரும் எங்கேயும் போகத் தேவையில்லை. உனக்குப் பொய் சொல்லமாட்டேன், தபாலே போதும்.

நீ நேரில் வா.

இப்படிக்கு,
மாமா